பீடி தொடாதவர்களின் நுரையீரல்

"பீடி, சிகரெட்டுப் பக்கமே போனதில்லீங்க டாக்டர். எங்க ஊட்டுலயும் ஆரும் குடிக்கறதில்லீங்க. எனக்கெப்படிங்க?"

அவிநாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த 58 வயது அம்மா ஒருவர் கேட்டது இது. பல வருடமாக இளைப்பு. மார்கழி வந்தால் போதும், ஆஸ்பத்திரிக்கு வந்து நெபுலைசர் (மருந்தை நுண்துளிகளாக மூச்சில் இழுக்கவைக்கும் கருவி) வைத்துக்கொண்டு வீடு திரும்புவார். மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை அதுவரை யாரும் செய்திருக்கவில்லை. முழு மூச்சாக ஊதும் காற்றில் 70 சதவீதமாவது முதல் ஒரு நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அவருக்கு 58 சதவீதம்தான் வந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி.

அவர் கேட்ட கேள்விக்கு 2009-ல் ஒரு பதில் வந்தது. புனேவைச் சேர்ந்த நுரையீரல் ஆய்வாளர் டாக்டர் சந்தீப் சால்வி, லண்டன் பேராசிரியர் பீட்டர் பார்ன்ஸுடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை அது. சிஓபிடி நோயாளிகளில் 25 முதல் 45 சதவீதம் பேர் வாழ்நாளில் புகைபிடித்ததே இல்லை என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். அவர்களின் அன்றைய கணக்கில் உலகில் புகைப்பவர்கள் சுமார் 100 கோடி. விறகு, சாணம், பயிர்த்தட்டை எரியும் புகையில் வாழ்ந்தவர்கள் சுமார் 300 கோடி. 'புகைபிடிப்பீர்களா?' என்று மட்டும் கேட்டுவிட்டு 'இல்லை' என்றதும் சிஓபிடியை மறந்துவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. அதை மாற்றியது இந்தக் கட்டுரைதான்.

இப்போது நான் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறேன். "கேஸ்தானுங்க" என்று உடனே பதில் வரும். சரி, தண்ணி காய வைப்பது எதில் என்று அடுத்துக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். நம் பக்கத்தில் கேஸ் இருக்கிற வீட்டிலும் கொல்லையில் வெந்நீர் அடுப்பு ஒன்று இருக்கும். தென்னமட்டை, பன்னாடை, பருத்திமார், திருப்பூர் சுற்றுவட்டாரம் என்றால் பனியன் வேஸ்ட் துணியும்கூட. பற்றவைக்க ஒரு பிளாஸ்டிக் கவர். காலை ஐந்து மணிப் பனியில் அந்தப் புகை மேலே போகாமல் அங்கேயே கிடக்கும். குனிந்து ஊதுகிறவர் அதை அப்படியே உள்ளே இழுக்கிறார். இந்த அம்மாவும் பத்து வயதிலிருந்து அப்படி ஊதியவர்தான்.

அடுத்தது வேலை. கோவையில் 1888-ல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து பஞ்சு நமக்குச் சோறு போடுகிறது. அதன் தூசியும் நெஞ்சுக்குள் போகிறது. பஞ்சை உதறிச் சுத்தம் செய்யும் புளோ ரூம், அதைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவுகளில் தூசி மிக அதிகம். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங் 1950-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் கொஞ்சம் தேவலை. பிஸினோசிஸ் என்ற பஞ்சுத்தூசி நோயின் முதல் அடையாளம் இதுதான். இந்தக் கட்டத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அடைப்பு நிலைத்துவிடும். எனவே மில்லில் இருக்கிறவர்கள் அந்த 'லீவு முடிஞ்ச நாள்' இறுக்கத்தைத் தயவுசெய்து அலட்சியப்படுத்த வேண்டாம்.

சிஓபிடியில் ஆள் ஏமாறுவது எங்கே என்றால், அது மெல்ல வருகிறது. சென்னிமலைக்குப் படியேறிப் போனவர் ஒரு வருடம் பாதியில் உட்காருவார், அடுத்த வருடம் வண்டியில் போவார், "வயசாச்சுல்ல" என்பார். வயது மட்டும் இப்படிச் செய்யாது.

அடுப்பை மாற்றினால் இனி என்ன பயன் என்று கேட்கிறார்கள். பயன் உண்டு. தென் சீனாவில் 12 கிராமங்களில் 996 பேரை ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2014-ல் வெளியானது. சாண எரிவாயுவுக்கு மாறி, சமையலறையில் புகை வெளியேற வழியும் செய்துகொண்டவர்களுக்கு நுரையீரல் திறன் குறையும் வேகம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. போனது திரும்பாது, இருப்பது வேகமாகப் போகாமல் தடுக்கலாம்.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். மாத்திரையில் மில்லிகிராமில் ரத்தம் முழுக்கப் போகும் மருந்து, இதில் மைக்ரோகிராமில் நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுத்ததும் பத்து நொடி மூச்சை அடக்குங்கள், ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் பிறகு வாய் கொப்பளியுங்கள்.

அந்த அம்மாவின் மகன் அடுத்த வாரமே கொல்லை அடுப்பை எடுத்துவிட்டு ஹீட்டர் மாட்டினார். இந்த மார்கழியில் அம்மாவுக்கு நெபுலைசர் தேவைப்படவில்லை. இன்ஹேலர் தினமும் தொடர்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் இருமலோ இளைப்போ இருந்தால் ஸ்பைரோமெட்ரி வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். பழைய எக்ஸ்ரேயோடு ஒரு காகிதமும் வேண்டும். எந்த வயதிலிருந்து எந்த அடுப்பு, எந்த மில்லில் எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்று அதில் எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.