பிளக் மரை எந்த இடத்தில் கெடுகிறது?

பழைய மொறிஸ் மைனர் காரின் ஸ்பார்க் பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது பாதியில் இறுகிவிடுகிறது, டெப் போட்டுப் புதிதாக மரை வெட்டிவிடலாமா என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உடனே வெட்ட வேண்டாம். மரை எந்த இடத்தில் கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மைனரின் ஓவர்ஹெட் வால்வ் எஞ்சினில் பிளக் 14 மில்லிமீற்றர் விட்டம், மரைக்கு மரை 1.25 மில்லிமீற்றர், நீளம் 19 மில்லிமீற்றர். அதாவது சுமார் 15 மரைகள். ஆனால் இந்தப் பதினைந்தும் சுமையைச் சமமாகத் தாங்குவதில்லை. இறுக்கும்போது பிளக்கின் தோள் வொஷரை ஹெட்டின் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) மேல் அமுக்குகிறது, மரையுள்ள தண்டு இழுபட்டு மிக நுண்ணிய அளவு நீள்கிறது. அந்த இழுவை வொஷருக்குப் பக்கத்தில்தான் அதிகம். உள்ளே போகப் போகக் குறைந்துவிடும். ஆகவே துளையின் வாயிலுள்ள முதல் மரை மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. முதல் மூன்றும் சேர்ந்தால் பாதிக்கு மேல். அடியிலுள்ளவற்றுக்கு வேலை மிகக் குறைவு.

வார்ப்பிரும்பு ஹெட்டில் பிளக்கை 25 நியூட்டன் மீற்றர் அளவுக்கு இறுக்கினால் அது ஹெட்டைப் பிடிக்கும் விசை சுமார் 900 கிலோ. சிலிண்டருக்குள் பெற்றோல் வெடிக்கும்போது பிளக்கை வெளியே தள்ளும் விசையோ 75 கிலோ அளவில்தான். பன்னிரண்டு மடங்கு இடைவெளி! "இன்னும் ஒரு இழுவை இழுத்தால் பத்திரம்" என்ற பட்டறை நம்பிக்கைக்கு எந்த அடிப்படையும் இல்லை. மரையைக் கெடுப்பது வெடிப்பு அல்ல, ஸ்பானர் பிடித்த கைதான்.

பிளக் முதல் சுற்றிலேயே முரண்டுபிடித்தால் பழுது வாயில் இருக்கிறது. எப்போதோ சாய்வாக வைத்து ஸ்பானரால் திருப்பியிருக்கிறார்கள். கையால் ஏழெட்டுச் சுற்று சுகமாகப் போய்ப் பிறகு இறுகினால், பெரும்பாலும் உள் மரையில் காபன் படிந்திருக்கிறது. கட்டையான பிளக்கைப் பூட்டி ஓட்டிய எஞ்சின்களில் இது சர்வசாதாரணம்: மூடப்படாத அடி மரைகளில் கரி கல்லாக உறைந்துவிடும். மலையகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சரிசெய்த காபரேற்றர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். பிளக் கறுக்கும். அடிக்கடி கழற்றித் துடைப்பார்கள். மரை தேயும்.

துப்புரவாக்க ஏற்றது சேசர். டெப் உலோகத்தை வெட்டி எடுக்கும், கொஞ்சம் சாய்ந்தாலும் நல்ல மரையையும் சீவிவிடும். சேசர் இருக்கிற மரையை ஒட்டிப் போய் அழுக்கை மட்டும் தள்ளும். கிடைக்காவிட்டால் நல்ல மரையுள்ள பழைய பிளக் ஒன்றில் நீளவாக்கில் மூன்று நான்கு வெட்டு, ஹெக்ஸோ பிளேடால் போட்டு, பிசிறை அரத்தால் எடுத்துவிட்டால் போதும். வாய் மோசமாகச் சிதைந்திருந்தால் உள்ளே விட்டு விரித்து வெளிப்பக்கமாகத் திருப்பி எடுக்கும் கருவி மிக நல்லது. அது கெடாத அடி மரையைப் பிடித்துக்கொண்டு வருவதால் வழி தவறாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தக் கருவியைக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். ஒரு ஹெட்டின் விலையோடு பார்த்தால் இதன் செலவு ஒன்றுமேயில்லை.

எஞ்சின் ஆறியிருக்கட்டும். அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே நிற்கும்படி வையுங்கள். சேசரின் வெட்டுகளில் கெட்டிக் கிறீஸை நிரப்பினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இறுகினால் அழுத்தாமல் வெளியே எடுத்துத் துடைத்து, புதுக் கிறீஸ் பூசித் தொடருங்கள். முடிந்ததும் மெல்லிய குழாயால் உள்ளே உறிஞ்சி எடுத்து, இக்னிஷனை நிறுத்திய நிலையில், பிளக் இல்லாமலே ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றினால் மிச்சத் தூளும் வெளியேறும்.

பூட்டும்போது விரலால் பிளக்கை முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்கும். பிளக்கின் மரை முனை துளையின் மரை முனையைத் தாண்டி விழும் இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் சாய வாய்ப்பே இல்லை. வொஷர் தொடும்வரை விரல்தான்; பிறகு புது வொஷர் என்றால் ஸ்பானரால் அரைச் சுற்று, அமுங்கிய பழைய வொஷர் என்றால் அதைவிட மிகக் குறைவு. மரையில் கிறீஸ் பூசியிருந்தால் உராய்வு குறைந்து, அதே இழுவையில் விசை கூடிவிடும். இறுக்கத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

வாயில் ஓரிரு மரை மழுங்கியிருந்தால் பயமில்லை, சுமை அடுத்த மரைக்கு நகரும். இறுக்க இறுக்கப் பிளக் சும்மா சுற்றினால் துப்புரவால் பலனில்லை. ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி ஹெலிகொயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட வேண்டும். 19 மில்லிமீற்றர் நீளமுள்ளதையே கேளுங்கள். கட்டையானதைப் போட்டால் அடியில் மறுபடியும் காபன் சேரும்.