நெல் கேள்வியில் நெல் தெரிந்த பிள்ளைகளே சறுக்குகிறார்கள்

குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பிள்ளைகளின் மாதிரித் தேர்வுத் தாள்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. இந்த வாரக் கட்டிலும் அதேதான். ‘வாதத்தில் சொல்லாமல் விட்ட அனுமானம் எது?’ என்று கேட்டால், நாலு விடையில் எது உண்மையோ அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கேள்வி விவசாயத்தைப் பற்றியது என்றால் யோசிப்பதுகூட இல்லை.

ஒரு மாதிரிக் கேள்வி:

“குறுவையில் இயந்திர நடவு செய்த வயல்கள், கை நடவு வயல்களைவிட ஏக்கருக்கு அதிக மூட்டை கண்டன. ஆகவே இயந்திர நடவுதான் மகசூலைக் கூட்டியது.”

அ) பாய் நாற்றங்காலில் வளர்ந்த 15 நாள் நாற்று அதிகம் தூர் கட்டும் (அடியில் பக்கத் தண்டுகள் விடும்).
ஆ) இயந்திர நடவு வயல்களின் நல்ல மண்ணும் தண்ணீர் வசதியும் மட்டுமே அந்தக் கூடுதலுக்குக் காரணம் இல்லை.
இ) இயந்திர நடவு செய்த ஒவ்வொரு வயலிலும் மகசூல் கூடியது.
ஈ) இயந்திர நடவில் ஆள் கூலி மிச்சம்.

வயலில் இறங்கிப் பழகிய பிள்ளை ‘அ’வைக் குறிக்கும். இள நாற்று தூர் கட்டும் என்று அதற்குத் தெரியும், வீட்டில் பார்த்திருக்கிறது. ஆனால் விடை ‘ஆ’.

எது உண்மை என்று கேள்வி கேட்கவே இல்லை. வாதம் செய்தவர் எதை நம்பினால்தான் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியும் என்று கேட்கிறது. அவர் நம்பியது பொய்யாகக்கூட இருக்கலாம், அப்போதும் அது அனுமானம்தான். ‘அ’ உண்மை, முடிவுக்குப் பலமும் சேர்க்கிறது, இருந்தும் அனுமானம் இல்லை. மறுத்துப் பாருங்கள். இள நாற்று கூடுதலாகத் தூர் கட்டாது என்றே வைத்துக்கொள்வோம். முடிவு விழுந்ததா? விழவில்லை. வரிசை இடைவெளி சீராக இருந்ததால் மகசூல் கூடியிருக்கலாம். இயந்திரம் எப்படிக் கூட்டியது என்பது இந்த வாதத்துக்குத் தேவையே இல்லை. இப்போது ‘ஆ’வை மறுங்கள்: மண்ணும் தண்ணீரும் மட்டுமே காரணம். இயந்திரத்துக்கு அதில் வேலையே இல்லாமல் போயிற்று, முடிவு அங்கேயே படுத்துவிட்டது. மறுத்ததும் முடிவு விழுகிற விடையைத் தேடுங்கள்.

மறுப்பதிலும் தமிழில் யோசிப்பவர்களுக்கு ஒரு வழுக்கல் உண்டு. ‘எல்லா வயலிலும் கூடவில்லை’ என்று சொன்னால் ஒரு வயலில்கூடக் கூடவில்லை என்றும் எடுக்கலாம், சிலவற்றில் மட்டும் கூடவில்லை என்றும் எடுக்கலாம். ‘இ’யை முதல் வகையில் மறுத்தால் வாதமே இடிந்தது போலத் தோன்றும், ஏமாந்துவிடுவீர்கள். ‘ஏதோ ஒரு வயலில் மகசூல் கூடாமல் போயிற்று’ என்று மறுங்கள். ஒரு வயல் காலை வாரினாலும் சராசரி கூடியிருக்கலாம், முடிவு நிற்கும். ‘சில’ என்று வந்தால் அதன் மறுப்பு ‘ஒன்றுகூட இல்லை’. ‘ஈ’யைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் வயல் அறிவை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. மாற்றுக் காரணம் தேட அதைவிட நல்ல கருவி கிடையாது. 2022-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, மே 24 அன்று திறந்தது. ‘முன்கூட்டித் திறந்ததால்தான் குறுவைப் பரப்பு கூடியது’ என்று ஒருவர் வாதிட்டால், போர் செட்டுத் தண்ணீர் உங்களுக்குத்தான் முதலில் ஞாபகம் வரும். ‘போர் செட்டு மட்டுமே காரணம் இல்லை’ என்பது அந்த வாதத்தின் அனுமானம். விடையை எடை போடும்போது மட்டும் அந்த அறிவை ஒதுக்கி வையுங்கள்.

காரணமும் விளைவும் தலைகீழாக இருக்குமோ என்று பலர் பார்ப்பதே இல்லை. ‘காப்பீடு செய்த வயல்களில்தான் மழைச் சேதம் அதிகம், ஆகவே காப்பீடு விவசாயியை அசட்டையாக்குகிறது’ என்று ஒரு வாதம் வரும். வடிகால் சரியில்லாத கடைமடைக்காரர் (வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவர்), வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் என்று தெரிந்தே காப்பீட்டுக்கு முந்திக்கொள்ளலாமே! அப்படி நடக்கவில்லை என்று வாதம் ஓசையில்லாமல் எடுத்துக்கொள்கிறது.

குடிமைப்பணி முதல்நிலையின் இரண்டாம் தாளில் 80 கேள்வி, 200 மதிப்பெண். தேற 33 சதவீதம் வேண்டும், தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். தாள் தமிழில் வராது. ‘தேர்ஃபோர்’, ‘ட்யூ டு’, ‘லெட் டு’ கண்ணில் பட்டதும் பேனாவால் வட்டமிட்டு, முடிவு எது என்று முதலில் பிரியுங்கள். முடிவு எதுவென்று தெரியாமல் விடைகளைப் படிக்காதீர்கள்.

தயவுசெய்து, தினம் 30 கேள்வி போட்டுத் தள்ளாதீர்கள். ஐந்து போடுங்கள். ஒவ்வொரு விடையின் மறுப்பையும் ஓரத்தில் முழு வாக்கியமாக எழுதி, பக்கத்தில் ‘நின்றது’ அல்லது ‘விழுந்தது’ என்று குறியுங்கள். இரண்டு விடைகள் விழுந்தால், ஒன்றை அளவுக்கு மீறி மறுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.