வாளியும் குழாயும்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்தில் நடுவயதுக்காரர்கள் சிலர் சிரிக்கும்போது பல்லின் குறுக்கே பழுப்புக் கோடுகள் தெரியும். வெற்றிலைக் கறை அல்ல, தேய்த்தாலும் போகாது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த வயதில் குடித்த தண்ணீர் போட்ட கோடு அது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் கிடப்பது பெரும்பாலும் கருங்கல்லும், நைஸ் (gneiss) எனப்படும் வரியோடிய பாறையும். அவற்றின் இடுக்குகளில் நீர் நெடுநாள் தங்கும்போது கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு கரைந்து இறங்குகிறது. அளவு மீறினால் பல்லில் கோடு போடுவது அதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அதைத் தாண்டினாலும் நாக்குக்குத் தெரியாது. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அங்கேயே இருக்கும்.

இதை நீக்கும் வழிகள் 1970களுக்கு முன்பும் இருந்தன. அயனிப் பரிமாற்றப் பிசின்கள் போன்றவை அவை. கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதுதான் சிக்கல். நாக்பூரின் 'நீரி' ஆய்வு நிறுவனத்தார் அந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். சந்தையில் எளிதில் கிடைக்கும் படிகாரமும் சுண்ணாம்பும் போதும் என்று காட்டினார்கள். இன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்த தெலங்கானாவில் இருக்கும் நல்கொண்டாவின் பெயரே அந்த முறைக்கு நிலைத்தது. புதிதாக ஒரு பொருளைப் படைக்கும் ஆசையைவிட, இருக்கும் மலிவான பொருளுக்குப் புது வேலை கொடுக்கும் பிடிவாதம் சில கண்டுபிடிப்பாளர்களைப் பிடித்து ஆட்டுகிறது. எனக்கு இந்த இரண்டாம் வகையினர்மீதுதான் மதிப்பு அதிகம்.

செய்முறை இதுதான். அடியிலிருந்து சற்று மேலே குழாய் பொருத்திய 40 லிட்டர் வாளியில் நீரை நிரப்பிச் சுண்ணாம்பும் படிகாரமும் கலந்து, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். படிகாரம் கரைந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற பஞ்சு போன்ற துகள்களாகத் திரள்கிறது. ஃபுளோரைடு அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. படிகாரத்தால் நீர் புளித்துப் போகாமல் காப்பது சுண்ணாம்பு. ஒரு மணி நேரம் தெளியவிட்டால் கசடு அடியில் தங்கும், மேலிருப்பதைக் குடிக்கலாம்.

வேதியியல் எளிதுதான். குறை சமையலறையில்தான். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஃபுளோரைடின் அளவும் காரத்தன்மையும் வேறு. ஆகவே படிகாரத்தின் அளவும் வேறு. கொஞ்சம் கூடினால் துவர்க்கும். கசடை எங்கே கொட்டுவது? கிணற்றோரம் கொட்டினால் உழைப்பெல்லாம் வீண். விடியற்காலையில் அடுப்பு, மாடு, பள்ளிக்குப் போகும் பிள்ளை என்று அலைகிற ஒருத்தி, இந்த வாளியையும் தினமும் கலக்கியாக வேண்டும். பலனோ உடனே தெரியாது, பல ஆண்டுகள் கழித்து முளைக்கும் பல்லில்தான் தெரியும். நாட்டில் பல வீடுகளில் வாளி வேறு வேலைக்குப் போனதில் வியப்பில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் புதுக் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடு குறைந்த காவிரி நீரைச் சுத்திகரித்து, பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றிக் குழாய்களில் இரு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். பம்பும் குழாயும் பழைய சங்கதிகள். ஆனால் வீட்டில் செய்ய வேண்டியது குடத்தைக் குழாயடியில் வைப்பது மட்டும். அளப்பது, கலக்குவது, கசடு அள்ளுவது எல்லாம் சம்பளம் வாங்கும் ஆட்களின் தலையில்.

குழாய் வறண்ட நாளில் ஆழ்குழாய்க் கிணற்றைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்த வாளி தேவைப்படும். படிகாரப் பொட்டலத்தை எங்கே வைத்தோம் என்பதுதான் மறந்திருக்கும்.