முட்டி வலி மாத்திரையும் மெடிக்கல்காரரின் கேள்விகளும்

"முட்டி வலிக்கு மாத்திரை குடுங்க தம்பி." கடலூர் திருப்பாப்புலியூரில் மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இது காதில் விழும். "சாப்ட்டீங்களாம்மா? பிரஷருக்கு ஏதாவது போடுறீங்களா?" என்று மருந்தாளுநர் திருப்பிக் கேட்டால் பலருக்கு எரிச்சல்தான் வரும். முட்டிக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. மூட்டில் அழற்சி கண்டால் அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. அது நரம்பு முனைகளை உசுப்பிவிடும். படி ஏறினாலே உயிர் போகும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அதைத் தயாரிக்கும் நொதியை முடக்குகின்றன. ஆஸ்பிரினும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது என்று 1971-இல் காட்டிய பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். ரத்தத்தில் கலந்த மருந்துக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது; வயிற்றிலும் அதைக் குறைத்துவிடும், புண் வரலாம். "அப்ப ஊசியாப் போட்டுக்கிறேன்" என்பார்கள். ஊசியும் ரத்தத்துக்குத்தானே போகிறது? புண் அப்போதும் வரலாம்.

சிறுநீரகத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். நம்ம வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வடவாற்றில் வரத்து குறைவு, மதகு திறந்து கிடக்கிறது, மழையும் இல்லை. ஏரி மட்டம் என்னாகும்? சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் வரும் குழாய் சுருங்காமல் பார்த்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின்; வலி மாத்திரை போட்டால் அது சுருங்குகிறது. எனலாப்ரில், டெல்மிசார்டான் வகை பிரஷர் மாத்திரைகள் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. சிறுநீரை அதிகம் போகவைக்கும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் உடலில் நீரும் குறைவு. அப்புறம் வடிகட்ட அழுத்தம் எங்கிருந்து வரும்?

எலும்பு டாக்டர் ஒருவர், பிரஷர் டாக்டர் வேறொருவர். இரண்டு சீட்டும் ஒன்றாக வந்து சேரும் இடம் கடை மேசைதான். சில சமயம் வெவ்வேறு பெயரில் இரண்டு அட்டை இருக்கும், இரண்டுக்குள்ளும் டைக்ளோஃபினாக்! விவரமான மருந்தாளுநர் அங்கேயே நிறுத்தி டாக்டருக்குப் போன் போடுவார். மேலே தடவும் ஜெல் போதுமா என்றும் கேட்பார். அதில் ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் தனி ரகம். வாரத்துக்கு ஒருமுறைதான். பழக்க தோஷத்தில் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அதனால் டாக்டர் சொன்ன கிழமையை மருந்தாளுநர் கவர்மேல் "புதன் மட்டும்" என்று பெரிதாக எழுதுவார். எழுதியதோடு விடாமல், "என்னிக்குப் போடணும், நீங்களே சொல்லுங்கம்மா" என்றும் கேட்பார்.