இரவை அளக்கும் தோட்டம்

வடக்கே குளிர்நாட்டுத் தோட்டத்தில் சாயங்காலம் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது என்றால் கோடை முடியப்போகிறது என்று அர்த்தம். பகலில் வெயில் இன்னும் சுள்ளென்றுதான் அடிக்கும், மண்ணைத் தொட்டால் சுடும், ஆனால் போன வாரம் இந்நேரம் நல்ல வெளிச்சம் இருந்ததே என்று மனசுக்குப் படும். நமக்கு இது சும்மா ஒரு நினைப்பு. அந்தப் பாத்தியில் இருக்கிற செடிக்கும், இலைக்கு அடியில் இருக்கிற பூச்சிக்கும், வேலியில் உட்கார்ந்திருக்கும் குருவிக்கும் இதுதான் ஆண்டின் மிக முக்கியமான தகவல்.

ஏன் வெப்பத்தைப் பார்க்காமல் இருட்டைப் பார்க்க வேண்டும்? வட கோளத்தில் மிக நீண்ட பகல் ஜூன் 21 வாக்கில் வருகிறது. ஆனால் உச்ச வெப்பம் அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான், ஏனென்றால் நிலமும் கடலும் சூடேறவும் ஆறவும் நேரம் பிடிக்கும். அப்புறம், வெப்பம் ஏமாற்றும். ஆகஸ்டில் ஒரு வாரம் குளிரடிக்கலாம், அக்டோபரில் ஒரு வாரம் வெயில் கொளுத்தலாம். நாளின் நீளம் மட்டும் ஒவ்வொரு ஆண்டும் அதே தேதியில் அதே அளவு. செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகும் சமயத்தில் அது மாறுகிற வேகமும் அதிகம். வடக்கே 50 டிகிரி அட்சரேகையில் அப்போது நாளொன்றுக்கு 3, 4 நிமிடம் பகல் குறைகிறது, அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம். நீரூற்றப் போனவரை இருட்டு முந்திக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

செடிகள் இதைக் கவனிக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரு புகையிலைச் செடி தேவைப்பட்டது. அமெரிக்க வேளாண் துறையில் வேலை செய்த கார்னர், அல்லார்ட் என்ற இருவரிடம் மேரிலாண்ட் மாமத் என்ற ரகம் இருந்தது. கோடை முழுக்க ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், இலை இலையாக விடும், பூக்கவே பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வளர்த்தால் குட்டைச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். மண்ணா, உரமா, சூடா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் நல்ல கோடைக்காலத்தில், வெளியே வெளிச்சம் இருக்கும்போதே தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போய் ஓர் இருட்டுக் கொட்டகையில் வைத்தார்கள். தொடர்ந்து இப்படிச் செய்ததும் பூ வந்தது. 1920இல் இதை அவர்கள் வெளியிட்டபோது, செடிகள் நாளின் நீளத்தை அறிகின்றன என்பது அறிவியலுக்குப் புதிய செய்தி.

ஆனால் அவர்கள் பகலின் நீளம் என்று நினைத்தது உண்மையில் இரவின் நீளம். 1938இல் ஹாம்னரும் பான்னரும் மருளூமத்தைச் செடியை வைத்து இதைக் காட்டினார்கள். அதற்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியான இருட்டு கிடைத்தால் பூக்கும், ஒரே ஓர் இரவு அப்படிக் கிடைத்தாலும் போதும். பகலை நடுவில் இருட்டால் வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நீண்ட இரவின் நடுவில் ஒரு நிமிடம் விளக்கைப் போட்டாலோ, பூ இல்லை! இவ்வளவு கூர்மையாக இரவை அளக்கிற ஒன்றைத்தான் நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அளக்கும் கருவி இலைக்குள் இருக்கிறது. அதன் பெயர் பைட்டோகுரோம், நீல நிறம் கலந்த ஒரு புரதம். அதற்கு இரண்டு உருவங்கள். பகல் வெளிச்சத்தில் உள்ள சிவப்பு ஒளி பட்டால் ஓர் உருவத்திலிருந்து மற்றதற்கு மாறும், இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய உருவத்துக்குத் திரும்பும். மணல் கடிகாரம் மாதிரிதான் என்று முதலில் நினைத்தார்கள், ஆனால் கதை அதோடு முடியவில்லை. செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடும் மரபணுக் கடிகாரம் ஒன்றும் இருக்கிறது. "இந்தக் கடிகாரம் இத்தனை மணி காட்டும்போது வெளியே வெளிச்சம் இருக்கிறதா, இல்லையா?" இந்த ஒரு கேள்விக்கான பதில் மாறும் நாளில் இலை ஒரு புரதத்தை உண்டாக்கித் தண்டு வழியாக நுனிக்கு அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்ததும் நுனி இலை விடுவதை நிறுத்திவிட்டு மொட்டு கட்டத் தொடங்கும். கோடை முழுக்கப் பச்சையாக நின்ற செவ்வந்தி, கோடை கழியும்போது திடீரென்று குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகளாக வைப்பது இதனால்தான். டேலியாச் செடி மண்ணுக்கு அடியில் கிழங்கு பெருக்க ஆரம்பிப்பதும் இரவு நீண்ட பிறகே.

சரி, பறவைகள்? கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோவன் என்பவர் 1920களில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஜங்கோ என்ற சிறு குருவிகளைக் கடும் உறைபனியில் வெளியே கூண்டுகளில் வைத்து, மின்விளக்கு போட்டு நாளுக்கு நாள் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். சுற்றிலும் நடுங்கும் குளிர், ஆனால் அந்தக் குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்தில் வளர்வதுபோல வளர்ந்தன. குளிரை அவை கணக்கில் எடுக்கவே இல்லை, வெளிச்சத்தைத்தான் எடுத்தன. இன்னொரு விஷயம், பறவைகள் இந்த வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. மெல்லிய மண்டையோட்டைத் தாண்டி உள்ளே ஊடுருவும் ஒளியை மூளையின் ஆழத்தில் இருக்கும் செல்கள் நேரடியாக உணர்கின்றன.

கோடையின் கடைசியில் தோட்டம் அமைதியாகிவிட்டது, குருவிகள் எங்கோ போய்விட்டன என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அவை புதருக்குள்தான் இருக்கும். குஞ்சு வளர்க்கிற வேலை முடிந்தது, எல்லையைக் காக்கப் பாட வேண்டியதில்லை, பழைய இறகுகளை உதிர்த்துப் புது இறகு முளைக்கிற சமயம் இது. இறகு குறைந்த பறவை சரியாகப் பறக்க முடியாது, அதனால் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். வலசை போகிறவை இறகு முளைத்த கையோடு கொழுப்புச் சேர்க்கத் தொடங்கும். செந்தொண்டை ரீங்காரச் சிட்டு 3 கிராம்தான் இருக்கும், புறப்படுவதற்கு முன் ஏறக்குறைய இரு மடங்காகும், அந்தக் கொழுப்பை எரித்துத்தான் 800 கிலோமீட்டர் அகல மெக்சிகோ வளைகுடாவை நிற்காமல் கடக்கும்.

பூச்சிகளில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரம். மொனார்க் வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் பிறப்பவை 2 முதல் 6 வாரம் வாழும், இணை சேரும், முட்டையிடும், செத்துப்போகும். கோடை முடிவில், நாள் சுருங்க, இரவு குளிர, எருக்கின் உறவுச் செடிகளான அவற்றின் உணவுச் செடிகள் முற்றிப்போகிற நேரத்தில் வளரும் புழுக்களிலிருந்து வருபவை வேறு மாதிரி. இணை சேரத் தூண்டும் ஹார்மோன் அவற்றில் அடங்கிவிடும், அதனால் முதுமையும் தள்ளிப்போய் எட்டு மாதம் வரை உயிர் வாழும். அரை கிராம் எடையுள்ள அந்தப் பூச்சி கனடாவின் தென்பகுதியிலிருந்து நடு மெக்சிகோவின் மலைக்காடுகளுக்கு, 4,000 கிலோமீட்டர் வரைகூடப் போகும். அதன் கொள்ளுப்பாட்டன் தலைமுறை அங்கிருந்து கிளம்பியதே தவிர, இது அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

தேனீக்களிலும் இதே கதைதான். கோடையில் பிறந்த வேலைக்காரத் தேனீ ஆறு வாரத்தில் உழைத்துத் தேய்ந்துவிடும். கோடைக்குப் பிறகு வெளிவருபவை உடலில் கொழுப்பும் புரதமும் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் வரை இருந்து குளிர்காலத்தில் ராணியைச் சுற்றி மொய்த்துச் சூடு கொடுக்கும். ஆண் தேனீக்களுக்கு அந்த இடம் கிடையாது, இந்தச் சமயத்தில்தான் அவற்றைக் கூட்டிலிருந்து விரட்டுவார்கள் அந்த வேலைக்காரிகள். கூட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு பெருத்த ஆண் தேனீயை இரண்டு பேர் காலைப் பிடித்து இழுப்பதைப் பார்க்கலாம்.

குளவியைப் பற்றி நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதங்களில் அதை எல்லோரும் வெறுக்கிறார்கள். கோடை முழுக்கக் கண்ணில் அவ்வளவாகப் படாத குளவி, கடைசியில் பழுத்து விழுந்த பழத்திலும் மேசையில் வைத்த இனிப்பிலும் வந்து மொய்க்கும். திடீரென்று அதற்கு என்ன வந்தது? வளர்ந்த குளவி தானே இறைச்சி தின்பதில்லை. புழுவையும் ஈயையும் பிடித்து, நறுக்கி, உருட்டி, கூட்டில் இருக்கும் தன் இனத்துக் குட்டிப் புழுக்களுக்கு ஊட்டும். அந்தப் புழு தின்றுவிட்டுச் சும்மா இருக்காது, வாயோரம் இனிப்பான ஒரு துளியைச் சுரக்கும், ஊட்டிய குளவி அதை நக்கிக் குடிக்கும். வேட்டைக்குக் கூலி அந்தத் துளிதான். கோடை கழியும்போது ராணி முட்டையிடுவதை நிறுத்துகிறது, புழுக்கள் குறைகின்றன, கூட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கும் வேலைக்காரக் குளவிகளுக்குத் துளி கொடுக்க யாருமில்லை. பசியோடு இனிப்பைத் தேடி வெளியே வருகின்றன, இன்னும் சில வாரத்தில் அவை எல்லாம் இறந்துவிடும், இணை சேர்ந்த இளம் ராணிகள் மட்டும் ஏதாவது பொந்தில் குளிரைக் கழிக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மரத்தடியில் விழுந்த பழங்களில் கொஞ்சத்தைப் பொறுக்காமல் விட்டுவிடுகிறேன்.

காலையில் போனால் சிலந்தி. பனி இறங்கிய விடியலில் வேலி முழுக்க வட்ட வலைகள் தெரியும், ஒரே ராத்திரியில் சிலந்தி பெருகிவிட்டதுபோல இருக்கும். அவை வசந்தத்திலிருந்தே அங்கேதான் இருக்கின்றன, அப்போது கடுகளவு, இப்போது முழு வளர்ச்சி. பனித்துளி வலையைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு தோட்டச் சிலந்தி பழைய வலையைப் பிரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இழையை முன்காலால் சுருட்டிச் சுருட்டி வாய்க்குள் போட்டுக்கொண்டே போனது, ஒரு பக்கம் வலை மறைய மறைய அது நடுவை நோக்கி நகர்ந்தது. தின்ற பட்டு வயிற்றில் செரித்துப் புதுப் பட்டாகத் திரும்ப வரும். சில நூறு முட்டைகளை மஞ்சள் பட்டுப் பொதியில் கட்டி வைத்துவிட்டு அந்தப் பெண் சிலந்தியும் குளிருக்கு முன் போய்விடும்.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலை மஞ்சளாவது சாவு இல்லை, வரவு வைப்பது. பச்சையத்தை உடைத்து, இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியை மரம் கிளைக்கும் தண்டுக்கும் திரும்ப இழுத்துக்கொள்ளும். பச்சை போனதும் அடியில் எப்போதும் இருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பு மட்டும் புதிதாகச் செய்யப்படுவது.

இவ்வளவு நுணுக்கமான கணக்கு என்பதால்தான் அதைக் கெடுப்பதும் சுலபம். தெருவிளக்குக்குப் பக்கத்துக் கிளைகளில் இலைகள் மற்றக் கிளைகளைவிட நாள் கழித்து உதிர்வதை யாரும் பார்க்கலாம், விளக்கு அந்த இரவைச் சுருக்கிவிட்டது. பூமி சூடாவதும் கணக்கைக் குழப்புகிறது, ஏனென்றால் வெப்பம் தள்ளிப்போகிறது, இரவின் நீளம் நகர்வதில்லை. வட அமெரிக்காவில் குடுவைச் செடியின் தண்ணீரில் வளரும் ஒரு கொசுவை பிராட்ஷாவும் ஹால்சாப்ஃபெலும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். அதன் புழு குளிர்கால ஓய்வுக்குப் போவதற்குக் காத்திருக்கும் நாளின் நீளமே மரபணுவில் மாறி, முன்பைவிடக் குறுகிய பகலுக்கு நகர்ந்திருந்தது. கொசுவுக்குத் தலைமுறை குறுகியது, அதனால் முடிகிறது. நூறாண்டு நிற்கும் மரத்துக்கு அந்த வேகம் வராது என்பதுதான் என் கவலை. தோட்டத்தில் அலங்காரத்துக்குப் போட்ட விளக்குகளை இந்த மாதங்களில் அணைத்து வைப்பது நம் கையில் இருக்கிற ஒன்று. காய்ந்த தண்டையும் விதைத் தலையையும் உடனே வெட்டாமல் விடுவதும் அப்படித்தான், உள்ளே குழாய் மாதிரி இருக்கும் தண்டுகளில் காட்டுத் தேனீக்களின் குஞ்சுகள் உறங்கும்.

இருட்டியதும் சுவர்க்கோழியைக் கேளுங்கள். அது கோடையின் கடைசியில் மட்டும் இவ்வளவு கத்துவதற்குக் காரணம், இப்போதுதான் வளர்ந்து சிறகு முற்றி இருக்கிறது. பூச்சியின் உடல் வெப்பம் வெளி வெப்பத்தைப் பொறுத்தது, குளிர்ந்தால் தசை மெதுவாகும், கத்துவதும் மெதுவாகும். 1897இல் ஏமஸ் டால்பேர் என்ற இயற்பியலாளர் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார். மரத்தில் இருந்து கத்தும் வெளிர்பச்சை இனம் ஒன்று உண்டு, 8 விநாடியில் அது எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணி 5ஐக் கூட்டினால் ஏறக்குறைய செல்சியஸ் வெப்பநிலை வரும். எல்லா இனத்துக்கும் இந்த எண்கள் பொருந்தாது, ஆனால் மெதுவாவதைக் கேட்க எந்த இனமும் போதும்.

நான் ஒவ்வோர் ஆண்டும் பின்வாசல் படியில் உட்கார்ந்து எண்ணுகிறேன். முதலில் கூட்டமாகக் கத்தும், எண்ண முடியாது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கும், இடைவெளி நீளும், இரண்டு, அப்புறம் ஒன்று. ஒருநாள் இரவு அதுவும் இல்லை. அதன் முட்டைகள் அதற்குள் மண்ணுக்குள்ளும் செடித் தண்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கும்.