மாற்று இதயத்துக்கு வாட்ச் கணக்கு ஒத்துவராது

இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் பிஸியோதெரபி பிரிவுக்கு வருபவர்களில் பலர் கையில் புது ஸ்மார்ட் வாட்ச் இருக்கும். பெரும்பாலும் மகனோ மகளோ வாங்கிக் கொடுத்தது. "சும்மா உக்காந்திருக்கும்போதே நூறு காட்டுது சார், ரிஜெக்‌ஷனா இருக்குமோ?" என்று பதறிப்போய்க் கேட்பார்கள். பொருத்திய இதயத்தை உடல் ஏற்காமல் எதிர்ப்பதைத்தான் ரிஜெக்‌ஷன் என்கிறோம்.

பொதுவாக அது ரிஜெக்‌ஷன் இல்லை. இதயத்தைப் பொருத்தும்போது இரத்தக் குழாய்களைத் தைக்கிறார்கள். அறுபட்ட நரம்புகளைத் தைப்பதில்லை. துடிப்பை அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடி விட்டுப்போவதால், ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். நடக்கத் தொடங்கினாலும் உடனே ஏறாது. அட்ரினலின் இரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகே ஏறும். அதற்குச் சில நிமிடம் ஆகும். நடையை நிறுத்திய பிறகும் சற்று நேரம் ஏறுவதுண்டு, இறங்குவதும் மெதுவாகத்தான். அதனால் 220-இல் வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைச் சொல்லும் ஜிம் கணக்கு இவர்களுக்குச் செல்லாது. தொடக்கத்தில் ஐந்து பத்து நிமிடம் மெதுநடை, முடிவிலும் அதேபோல் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. சிலருக்கு ஓராண்டுக்கு மேல் போனால் நரம்பு ஓரளவு திரும்ப வளரும். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

அப்படியானால் முன்னேற்றத்தை எப்படித்தான் அளப்பது? ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் சிரமத்தின் அளவு. நடப்பவரே தன் சிரமத்துக்கு எண் சொல்லும் போர்க் அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். ஆரம்ப மாதங்களில் 11-க்கும் 13-க்கும் இடையில் நடந்தால் சரி. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். நம் ஆட்களிடம் இதில் ஒரு சிக்கல்: எவ்வளவு மூச்சு வாங்கினாலும் "பரவால்லைங்க, ஈஸிதான்" என்பார்கள், அதையும் இரண்டு மூச்சில் சொல்வார்கள். அப்போது நான் கூட வந்திருக்கும் அம்மாவைத்தான் பார்ப்பேன். அவர் தலையாட்டும் விதத்திலேயே உண்மையான எண் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆறு நிமிட நடை. 30 மீட்டர் வராந்தாவில் போய்த் திரும்பி எவ்வளவு தூரம் என்று குறிக்கிறோம். வீட்டில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்வர ஆகும் நேரத்தை, அதே செருப்போடு, அதே வேளையில் எழுதினால் போதும்.

பலரும் கவனிக்காதது தொடை. அறுவை சிகிச்சைக்கு முன் மாதக்கணக்கில் படுக்கை, பின்னர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டும் சேர்ந்து தொடைத் தசையைக் கரைத்துவிடும். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். அறுவை சிகிச்சையில் பிளந்த மார்பெலும்பு ஒட்டிச் சேரும்வரை கையூன்றி எழவும் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கவும் கூடாது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்த நாளை ஒருவர் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தார். எந்த ஆப்பிலும் அதற்கு இடமில்லை.

"ஓடலாமா சார்?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். மருத்துவக் குழு சம்மதித்தால் படிப்படியாக ஓடலாம். 1978 முதல் நடந்துவரும் உலக உறுப்பு மாற்று விளையாட்டுப் போட்டிகளில் மாற்று இதயத்தோடு ஓடுபவர்களும் இருக்கிறார்கள்.

நோட்டின் இன்னொரு பயன் இதைவிடப் பெரியது. நரம்பில்லாத இதயத்தில் அடைப்பு வந்தாலும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். போன வாரம் ஆறு நிமிடத்தில் 400 மீட்டர் நடந்தவர், இந்த வாரம் அதே சிரமத்தில் 340-தான் நடக்கிறார் என்றால் "வெயில் ஜாஸ்தி" என்று தள்ளிவிடாதீர்கள். ஒரே நாளில் ஒரு கிலோ, அல்லது வாரத்தில் இரண்டு கிலோ எடை கூடினாலும், கால் வீங்கினாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் அன்று உடற்பயிற்சி வேண்டாம். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே போனும் செய்யுங்கள். ரிஜெக்‌ஷன் இருக்கிறதா என்று பார்க்க இதயத்திலிருந்து துளி தசை எடுக்கும் அடுத்த பயாப்ஸி தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை.