பராமரிப்பு இல்ல ஆய்வாளர்: ஒரு பதவிப் பெயரைப் பிரித்துப் பார்த்தல்

அன்றாடத் தேவைகளுக்குப் பிறர் உதவி வேண்டியவர்கள் வாழும் இல்லங்கள் விதிப்படி நடக்கின்றனவா என்று வெளியிலிருந்து வந்து பார்ப்பவரின் ஆங்கிலப் பதவிப் பெயர் ‘லாங் டெர்ம் கேர் ஃபெசிலிட்டி இன்ஸ்பெக்டர்’. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நீண்டகாலப் பராமரிப்பு வசதி ஆய்வாளர்’ என்று வரும். படிக்கும்போதே ‘வசதி’ இடறும். கழிப்பறை வசதி, பேருந்து வசதி, வசதியான குடும்பம் என்று சொல்வோம். ஒரு கட்டடத்தையோ நிறுவனத்தையோ வசதி என்று சொல்லும் வழக்கம் தமிழில் இல்லை. ‘பாட்டியை வசதியில் சேர்த்திருக்கிறோம்’ என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘இல்லம்’ என்ற சொல் இருக்க, வசதியை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

‘பராமரிப்பு’ சரியான சொல்தான், ஆனால் அதைத் தனியே விடக்கூடாது. சாலைப் பராமரிப்பு, லிஃப்ட் பராமரிப்பு என்று பொருள்களுக்கும் அது வழங்குகிறது. ‘பராமரிப்பு ஆய்வாளர்’ என்று சுருக்கினால் ஜெனரேட்டரைப் பார்க்க வந்தவர் என்றுதான் தோன்றும். அதனால் எவ்வளவு சுருக்கினாலும் ‘இல்ல’ என்பதை விட்டுவிடக் கூடாது. ‘முதியோர் இல்லம்’ என்று எழுதுவதிலும் ஒரு பிழை உண்டு. நடமாட்டமுள்ள முதியவர்கள் தங்கி உண்ணும் இடமும் முதியோர் இல்லம்தான். நீண்டகாலப் பராமரிப்பு இல்லமோ குளிக்க, உடுத்த, உண்ண, புரண்டு படுக்கப் பிறர் உதவி வேண்டியவர்களுக்கானது. விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட முப்பது வயதுக்காரரும் அங்கே இருப்பார். ‘காப்பகம்’ என்பதில் அடைத்துக் காக்கும் தொனி இருக்கிறது. அங்கே வாழ்பவர்களுக்கு அது அவர்களுடைய வீடு என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்ப்பதே மரியாதை.

இனி ‘இன்ஸ்பெக்டர்’. இது லத்தீன் சொல். ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஸ்பெகெரே’ என்றால் பார்த்தல். உள்ளே பார்ப்பவர் என்பது நேர்ப்பொருள். சஸ்பெக்ட், ரெஸ்பெக்ட் ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. ஆனால் அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்பவருக்கு அலுவல் பெயர் இன்ஸ்பெக்டர் அல்ல, ‘சர்வேயர்’. அதைப் பார்த்து ‘நில அளவர்’ என்றோ, அவர் செய்யும் ‘சர்வே’யைக் ‘கணக்கெடுப்பு’ என்றோ பெயர்த்தால் பொருள் முழுக்கக் கெட்டுவிடும். சர்வேயரும் சூப்பர்வைசரும் ‘மேலிருந்து பார்த்தல்’ என்ற ஒரே லத்தீன் பொருளிலிருந்து பிறந்தவை. சர்வேயர் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததால் வேறு வடிவம் பெற்றது.

இதற்கு ஈடாகத் தமிழில் நான்கைந்து சொற்கள் புழங்குகின்றன. அவற்றில் மிகப் பழையது ‘கண்காணி’. ‘கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்’ என்று திருமந்திரத்திலேயே வருகிறது. தோட்டங்களில் தொழிலாளர் கூட்டத்தை மேய்த்தவருக்கு அது ‘கங்காணி’ ஆகி, ஆங்கில அகராதிக்குள்ளும் நுழைந்தது. அழகான சொல்தான், ஆனால் இந்த வேலைக்குப் பொருந்தாது. கண்காணிப்பு இடைவிடாமல் நடப்பது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கண்காணிக்க வேண்டியது இல்லத்தின் செவிலியர் தலைவியும் நிர்வாகியும். வெளியிலிருந்து வருபவர் சில நாள் இருந்துவிட்டுப் போகிறார். அவரைக் ‘கண்காணிப்பாளர்’ என்று அழைத்தால், தினப்படிப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே குழம்பிவிடும். ‘தணிக்கையாளர்’ என்றால் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பவர். ‘சோதனை’ என்றதும் ரெய்டு நினைவுக்கு வரும்.

‘பரிசோதகர்’ இலங்கையில் நன்கு வேரூன்றிய சொல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்பது அங்கே எல்லாரும் அறிந்த பதவி. ஆனால் பராமரிப்பு இல்லத்துக்குள் ஒரு சிக்கல் வருகிறது. ‘நோயாளியைப் பரிசோதித்தார்’ என்றால் மருத்துவர் பார்த்தார் என்றுதான் பொருள்.

எஞ்சுவது ‘ஆய்வாளர்’. இந்தச் சொல்லின் வேரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது தொல்காப்பியம். ஆய்தல் என்றால், இருப்பது நுண்ணியதாதல். கீரை ஆய்கிறோம் என்று இன்றும் சொல்கிறோம். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாக எடுத்து, அழுகலையும் பூச்சியையும் ஒதுக்கி, நல்லதைத் தனியே வைப்பது அது. கட்டின் மேல்புறத்தைப் பார்த்துச் சொல்வது ஆய்தல் ஆகாது. லத்தீன் சொல் ‘உள்ளே பார்’ என்பதோடு நின்றுவிடுகிறது. தமிழ்ச் சொல் பிரி, ஒப்பிடு, ஒதுக்கு என்பது வரை போகிறது. இந்த வேலைக்குத் தமிழ்ச் சொல்லே கூடுதலாகப் பொருந்துகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வேலையைப் பார்த்தால் இது புரியும். ஆய்வாளருக்குச் சான்று மூன்று வழியில் வருகிறது: கண்ணால் கண்டது, வாயால் கேட்டது, ஏட்டில் படித்தது. மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பதுதான் ஆய்வு. படுக்கையிலேயே இருக்கும் ஒருவரை 2 மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய பராமரிப்புத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் 8, 10, 12, 2 என்று எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது. மையின் நிறமும் சாய்வும் அழுத்தமும் ஒன்றுபோல் இருந்தால், ஷிஃப்ட் முடிவில் ஒரே மூச்சில் போட்ட கையெழுத்தாக இருக்கலாம். அதை வைத்து மட்டும் எதையும் எழுதிவிட முடியாது. ஆய்வாளர் காலை 8 மணிக்கு அறையில் பார்க்கிறார்: இடப்பக்கம், முதுகுக்குப் பின் தலையணை. 9:30, 10:30, 11:15 என்று போகிறபோக்கில் எட்டிப் பார்க்கிறார். அதே பக்கம், அதே தலையணை, அதே மடிப்பு. பிறகு, படுத்திருப்பவரின் இசைவோடு, செவிலியரைக் கொண்டு இடுப்பெலும்புப் பக்கத் தோலைக் காட்டச் சொல்கிறார். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நிறம் கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுத்தான் அறிய வேண்டும்.

மருந்து வழங்கலை ஆய்வதில் அமெரிக்க நடைமுறை மிகத் தெளிவானது. குறைந்தது 25 தடவை மருந்து கொடுப்பதை ஆய்வாளர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிழை விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டால் அது குறைபாடு. 25-இல் ஒன்று 4 சதவீதம், இரண்டு 8 சதவீதம். மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தது ஒன்று, வெறும் வயிற்றில் தர வேண்டியதை உண்ட பிறகு தந்தது இன்னொன்று என்றாலே எல்லை தாண்டிவிட்டது. கொடுத்ததை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு மருத்துவரின் மூல உத்தரவோடு ஒப்பிட வேண்டும். மருந்துப் பதிவேட்டோடு மட்டும் ஒப்பிட்டால், உத்தரவைப் பதிவேட்டுக்குப் படியெடுத்தபோதே நேர்ந்த பிழை பிடிபடாது. புதியவர்கள் சறுக்கும் இடம் இது.

ஏட்டிலேயே வெளிப்படுவதும் உண்டு. ஒரு மாதத்தில் 5 சதவீத எடை குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இழப்பு. 3 மாதத்துக்கு 7.5, 6 மாதத்துக்கு 10. 60 கிலோ இருந்தவர் அடுத்த மாதம் 57 ஆனால் அந்த எல்லையைத் தொட்டாயிற்று. ஆனால் சக்கர நாற்காலியோடு நிறுத்தி நாற்காலியின் எடையைக் கழிக்க மறந்திருக்கலாம். எனவே மறுபடி நிறுக்கச் சொல்வதே முதல் வேலை. எண் சரி என்றால், சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். தட்டு எட்டாத தூரத்தில் இருக்கிறதா, பல்செட் மேசை டிராயரிலேயே கிடக்கிறதா, ஊட்ட ஆள் வருவதற்குள் சாப்பாடு ஆறிப்போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

ஆய்வோடு சேர்ந்து வரும் சொற்களிலும் கவனம் வேண்டும். கண்டறிந்த தவறை விதி எண்ணோடு எழுதுவது ‘சைட்டேஷன்’. இதை ‘மேற்கோள்’ என்று எழுதுவது பெரும் பிழை. ‘குறைபாட்டுப் பதிவு’ என்பதே பொருந்தும். அமெரிக்காவில் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து உண்டு. தீங்கின் கடுமை நான்கு படி, பரவல் மூன்று படி, ஆக 12 கட்டங்கள். ஜே, கே, எல் மூன்றும் ‘உடனடி ஆபத்து’. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேர்ந்துவிட்டது, அல்லது உடனே சரிசெய்யாவிட்டால் நேரும் என்பதே அதன் பொருள். வெறும் ‘அவசரம்’ என்று மெலிதாக்கக் கூடாது. அங்கே 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு இல்லத்துக்கும் 15 மாதத்துக்குள் ஒரு முழு ஆய்வு நடக்க வேண்டும், நாளை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. இதைத் ‘திடீர்ச் சோதனை’ என்பதைவிட ‘முன்னறிவிப்பில்லா ஆய்வு’ என்பதே நேர்மையான பெயர். வழக்கமான ஆய்வே அப்படித்தான் நடக்கும், சந்தேகத்தின் பேரில் நடப்பதல்ல.

‘ஆய்வாளர்’ என்பதற்கும் ஒரு குறை இருக்கிறது. ஆராய்ச்சியாளரையும் அதே சொல்லால் குறிக்கிறோம். ‘பராமரிப்பு இல்லங்களின் ஆய்வாளர்’ என்றால் முனைவர் பட்டத்துக்கு எழுதுபவர் என்றும் கொள்ளலாம். காவல் ஆய்வாளர், தொழிற்சாலை ஆய்வாளர் என்ற அமைப்பிலேயே ‘பராமரிப்பு இல்ல ஆய்வாளர்’ என்று நிறுத்தினால் இது பதவிப் பெயர் என்பது தெளிவாகும். கட்டுரையில் முதல் முறை ‘நீண்டகாலப் பராமரிப்பு இல்ல ஆய்வாளர்’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். தனித்தமிழ் விரும்புவோர் ‘பேணக ஆய்வாளர்’ என்று எழுதலாம். ‘பேணு’ மனிதரை அன்போடு காப்பதையே முதலில் நினைவூட்டுவதால் லிஃப்ட் குழப்பம் வராது. ஆனால் சொல் இன்னும் பரவவில்லை. குடும்பத்தாருக்கு அனுப்பும் அறிக்கையில் அதைப் போடுவதானால் பக்கத்திலேயே ஒரு வரி விளக்கமும் தர வேண்டும்.

வினைச்சொல்லாக வரும்போது ‘இல்லத்தை ஆய்வு செய்தார்’ என்று எழுதலாம். அங்கே வாழ்பவரைக் குறிக்கும்போது மட்டும் ‘அவரை ஆய்வு செய்தார்’ என்று எழுதாதீர்கள். ‘அவரைச் சந்தித்துக் கேட்டறிந்தார்’ என்று எழுதுங்கள். ஆய்வுக்கு உட்படுவது இல்லம்தான், அவரல்ல.